அப்கிரேடு செய்த பிறகு லேப்டாப் தூங்கப் போனால் எழுந்திருப்பதில்லை, ரீஸ்டார்ட் மட்டும் ஒழுங்காக நடக்கிறது

இரவுப்பறவை:

வணக்கம். ஒரு வாரமாக இதோடு மல்லுக்கட்டி ஓய்ந்துபோய் இங்கே வந்திருக்கிறேன். லேப்டாப் ஐந்து வருடம் பழையது, 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி. இதுவரை விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்தது. 2025 அக்டோபர் 14 அன்று 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டதே, இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்று, கோப்புகளையோ நிறுவியிருந்த மென்பொருள்களையோ அழிக்காமல் அப்படியே 11-க்கு மாற்றினேன். மாற்றம் என்னவோ சுமுகமாகத்தான் நடந்தது. வம்பு அன்று இரவே ஆரம்பித்துவிட்டது.

மூடியை மூடிவிட்டு அரை மணி, ஒரு மணி நேரத்தில் திறந்தால் சாதுவாக எழுந்துவிடுகிறது. இரவு மூடிவைத்துக் காலையில் திறந்தால் கறுப்புத் திரைதான். கீபோர்டு விளக்கு எரிகிறது, விசிறி ஓடுகிறது, எந்த விசையைத் தட்டினாலும் அசைவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துத்தான் மறுபடி கிளப்ப வேண்டியிருக்கிறது. ஒரு நாள் பைக்குள் போட்டு எடுத்துப் போனேன், வெளியே எடுத்தபோது அடிப்பக்கம் கை வைக்க முடியாத சூடு, பேட்டரி சுத்தமாகக் காலி.

சரி, ஸ்லீப்தான் கெட்டுவிட்டது போலிருக்கிறது, ஹைபர்னேட் செய்து பார்ப்போம் என்று போனால் அது இன்னும் மோசம். திரை அணைகிறது, விளக்கு அணைவதில்லை, சில நிமிடம் அப்படியே நின்றுவிட்டு நீலத்திரை காட்டித் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. திறந்து வைத்திருந்த வேலை எல்லாம் போச்சு. அது மட்டுமில்லை, முறையாக ஷட்டவுன் கொடுத்தாலும் சில நாள் இதே கூத்து. ஆனால் ரீஸ்டார்ட் கொடுத்தால் இதுவரை ஒருமுறைகூட மாட்டவில்லை. இதுதான் எனக்குப் புரியவே இல்லை.

விண்டோஸ் கோப்புகள் கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் சிஸ்டம் ஃபைல் செக்கர் ஓட்டினேன், டிஸ்ம் ஓட்டினேன், இரண்டும் எல்லாம் நலம் என்கின்றன. கிராஃபிக்ஸ் டிரைவரை, அதாவது அந்தச் சாதனத்தை இயக்கும் மென்பொருளை, புதுப்பித்தேன். பவர் பிளானை மாற்றி மாற்றிப் பார்த்தேன். இப்போதைக்கு ஸ்லீப்பையே முழுதாக அணைத்து வைத்திருக்கிறேன், மூடியை மூடினாலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பழைய விண்டோஸுக்குத் திரும்பிப்போகக் கிடைக்கும் 10 நாளில் 7 நாள் ஓடிவிட்டது. திரும்பிப் போய்விடவா, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவவா, இல்லை மதர்போர்டே போய்க்கொண்டிருக்கிறதா?

ஒருவரிப்புலி:

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் காரணம். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப் என்று அடியுங்கள், முடிந்தது கதை. அப்படியே வைஃபை டிரைவரையும் புதுசாகப் போடுங்கள். எனக்கு இரண்டு லேப்டாப்பில் வேலை செய்தது.

பழைய_இரும்பு:

ஒருவரிப்புலி சொன்ன கட்டளை தப்பில்லை, ஆனால் அது வைத்தியம் இல்லை. ஹைபர்னேட்டையே வீட்டைவிட்டு அனுப்பிவிட்டு ஹைபர்னேட் சண்டை தீர்ந்தது என்று சொல்கிற மாதிரி. சோதனைக்கு மட்டும் அது அருமையான ஆயுதம்.

இரவுப்பறவை, நீங்கள் மூன்று பிரச்சினை எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ மூன்றும் ஒன்றுதான் என்று படுகிறது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லீப் என்றால் ராமுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துவிட்டு மற்றதை எல்லாம் நிறுத்துவது, எஸ்3 என்பார்கள். ஹைபர்னேட் என்றால் ராமில் இருப்பதை ஹைபர்ஃபில்.சிஸ் என்ற கோப்பில் எழுதிவிட்டு மொத்தமாக அணைந்துவிடுவது, அது எஸ்4. ஷட்டவுன்தான் ஏமாற்றுப் பேர்வழி. 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஒன்று இருக்கிறது. அது இயங்கும்போது நீங்கள் ஷட்டவுன் கொடுத்தால் உங்கள் லாகினை மூடிவிட்டு, விண்டோஸின் கருவான கெர்னலையும் டிரைவர்களையும் அப்படியே அதே ஹைபர்ஃபில்.சிஸ்ஸில் எழுதிவைத்துவிட்டு அணையும். அதாவது ஷட்டவுனும் பாதி ஹைபர்னேட்தான். ரீஸ்டார்ட் அப்படியில்லை, உண்மையிலேயே எல்லாவற்றையும் மூடிவிட்டு முதலிலிருந்து கிளம்பும். உங்கள் ரீஸ்டார்ட் மட்டும் மாட்டாமல் போவதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். முழு ஷட்டவுன் வேண்டுமென்றால் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுனை அழுத்திப் பாருங்கள், அது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைத் தாண்டிப் போகும். அப்போது மாட்டுகிறதா என்று பாருங்கள்.

சரி, ஒரு மணி நேரத்தில் திறந்தால் எழுகிறது, காலையில் எழுவதில்லை என்றீர்களே. பவர் பிளானின் உள் அமைப்புகளில் ஸ்லீப் என்பதற்குக் கீழே ஹைபர்னேட் ஆஃப்டர் என்று ஒன்று இருக்கும். பல லேப்டாப்களில் அது பேட்டரியில் 180 நிமிடம் என்று இருக்கும். மூன்று மணி நேரம் ஸ்லீப்பில் இருந்த லேப்டாப், நீங்கள் தொடாமலே ஒரு கணம் தானாக விழித்து, ராமை டிஸ்கில் எழுதிவிட்டு ஹைபர்னேட்டுக்குப் போகும். போகிற வழியில் மாட்டிக்கொண்டால்? விழித்த நிலையிலேயே நிற்கும். விசிறி ஓடும். பைக்குள் இருந்தால் வேகும். உங்கள் கதை இதுவாக இருந்தால் ஸ்லீப் நன்றாகத்தான் இருக்கிறது, கெட்டது ஹைபர்னேட் மட்டும்தான்.

இது என் ஊகம். ஊகத்தை வைத்துக்கொண்டு எதையும் அழிக்க வேண்டாம், முதலில் மூன்று விவரம் எடுத்துப் போடுங்கள்.

ஒன்று, பவர்சிஎஃப்ஜி /ஏ கட்டளை என்ன காட்டுகிறது. உங்கள் மெஷினுக்கு எஸ்3 இருக்கிறதா, இல்லை முழுதாகத் தூங்காமல் குறைந்த மின்சாரத்தில் அரைத்தூக்கத்தில் இருக்கும், மாடர்ன் ஸ்டேண்ட்பை எனப்படும் எஸ்0 வகையா என்று அதில் தெரியும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

அடுத்தது, விண்டோஸ் நடந்ததைப் பதிந்துவைப்பதைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகள். கெர்னல்-பவர் என்ற மூலத்தில் 41 எண்ணுள்ள பதிவுகளைத் தேடுங்கள். 41 என்பது முறையாக அணையாமல் மறுபடி கிளம்பியது என்று மட்டும்தான் சொல்லும், அதைப் பார்த்துப் பலர் பவர் சப்ளை போச்சு என்று நினைத்துவிடுகிறார்கள். அதன் டீடெயில்ஸ் பக்கத்தைத் திறந்து நீலத்திரையின் வகையைக் குறிக்கும் பக்செக்கோடு என்ற வரியில் என்ன எண் இருக்கிறது, பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப் சுழியமா இல்லையா என்று பாருங்கள். பக்செக்கோடு சுழியம், டைம்ஸ்டாம்பில் ஏதோ பெரிய எண் என்றால் நீங்களே பட்டனைப் பிடித்து அணைத்தது. பக்செக்கோடில் எண் இருந்தால் அதுதான் உண்மையான கிராஷ்.

அப்புறம் அதே மூலத்தில் 42 எண்ணுள்ள பதிவுகள். ஸ்லீப்புக்குப் போன நேரமும் காரணமும் அதில் இருக்கும். இரவு நடுவில் ஒரு 42 இருக்கிறதா என்று பாருங்கள்.

திரும்பிப் போகிற அவகாசம் பற்றிப் பதற வேண்டாம். டிஸ்ம் /ஆன்லைன் /செட்-ஓஎஸ்அன்இன்ஸ்டால்விண்டோ /வேல்யூ:30 என்று அட்மினாக அடித்தால் 10 நாள் 30 நாள் ஆகும். அதிகபட்சம் 60 வரை கொடுக்கலாம். ஆனால் அவகாசம் முடிவதற்குள் அடிக்க வேண்டும், முடிந்த பிறகு அடித்துப் பயனில்லை.

இரட்டைக்குதிரை:

நடுவில் புகுந்து ஒரு எச்சரிக்கை. அதே லேப்டாப்பில் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், விண்டோஸ் ஹைபர்னேட் ஆகியோ ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்போடு ஷட்டவுன் ஆகியோ இருக்கும்போது அதன் பார்ட்டிஷனை லினக்ஸிலிருந்து திறந்து எழுதாதீர்கள். விண்டோஸ் எழும்போது டிஸ்க் தான் விட்டுப்போன மாதிரியே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழும். நான் எழுதினேன். ஒரு ஃபோல்டர் நிறையப் படங்கள் கோவிந்தா.

லினக்ஸ் பக்கம் கெர்னல் மாறிய பிறகு இதே மாதிரி வந்தால் சிஸ் ஃபோல்டருக்குள் பவர் என்பதன் கீழே மெம்_ஸ்லீப் கோப்பைத் திறந்து பாருங்கள். எஸ்2ஐடில், டீப் என்று இரண்டு இருந்தால், சதுர அடைப்புக்குள் இருப்பதுதான் இப்போது நடப்பில் இருப்பது. டீப்தான் எஸ்3. ஹைபர்னேட்டுக்கு ராமை எழுதிவைக்கும் டிஸ்க் இடமான ஸ்வாப் போதுமான அளவு இருக்கிறதா என்பதும், கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் கிளம்பவிடும் செக்யூர் பூட் போட்டிருக்கிறீர்களா என்பதும் தனிக்கதை. செக்யூர் பூட் இருந்தால் பல விநியோகங்களில் கெர்னல் லாக்டவுன் ஹைபர்னேட்டையே மறுத்துவிடும்.

இரவுப்பறவை:

பழைய_இரும்பு அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. முதலில் அந்த 30 நாள் கட்டளையை அடித்துவிட்டேன், இப்போது நிம்மதியாக மூச்சு விடுகிறேன்.

பவர்சிஎஃப்ஜி /ஏ: ஸ்டேண்ட்பை எஸ்3, ஹைபர்னேட், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மூன்றும் இருக்கிறது என்கிறது. எஸ்0 வகையை ஃபர்ம்வேர் ஆதரிக்கவில்லை என்று கீழே போட்டிருக்கிறது.

41 பதிவுகள் மொத்தம் ஒன்பது. ஐந்தில் பக்செக்கோடு சுழியம், அவை நான் பட்டனைப் பிடித்தவை, டைம்ஸ்டாம்ப் இருக்கிறது. மீதி நான்கிலும் 159. அதற்குக் கீழே பக்செக்பேராமீட்டர்1 என்ற வரியில் 3.

42 பதிவைப் பார்த்துத்தான் எனக்கு நிஜமாகவே தூக்கிவாரிப்போட்டது. இரவு 10:14-க்கு மூடியிருக்கிறேன். அடுத்த 42 நள்ளிரவு 1:14-க்கு. காரணம் என்ற இடத்தில் ஹைபர்னேட் ஃப்ரம் ஸ்லீப் என்று எழுதியிருக்கிறது. சரியாக மூன்று மணி நேரம்! அதற்குப் பிறகு காலையில் நான் பட்டனைப் பிடிக்கும்வரை ஒரு வரி பதிவுகூட இல்லை.

ஷிஃப்ட் பிடித்து ஷட்டவுன் செய்து ஐந்து முறை பார்த்தேன், ஒருமுறையும் மாட்டவில்லை.

இதற்கிடையில், கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒருவரிப்புலி சொன்னபடி வைஃபை டிரைவரையும் புதுப்பித்துப் பார்த்தேன். மூன்று முறை ஹைபர்னேட் அழகாகப் போய் வந்தது, அடடா தீர்ந்தது என்று இங்கே எழுத உட்கார்ந்தேன், நான்காவது முறை நீலத்திரை.

பழைய_இரும்பு:

கோபமெல்லாம் இல்லை, ஆனால் அந்த மூன்று முறை அனுபவம்தான் இந்த விஷயத்தில் பெரிய பொறி. இணையத்தில் இதைச் செய்தேன் சரியாகிவிட்டது என்று எழுதப்பட்டவற்றில் பாதி, மூன்றாவது முறை சோதித்ததும் நிறுத்தியவர்கள் எழுதியதுதான். எது செய்தாலும் பத்து முறையாவது ஹைபர்னேட் செய்து பாருங்கள். மெனுவைத் தேடிப் போக வேண்டாம், கமாண்ட் ப்ராம்ப்டில் ஷட்டவுன் /எச் என்று அடித்தால் நேராக ஹைபர்னேட்டுக்குப் போகும்.

159-ஐ ஹெக்ஸ் எண்ணில் எழுதினால் 9எஃப். அது டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர். நீலத்திரையில் அந்தப் பெயரே வந்திருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். முதல் பேராமீட்டர் 3 என்பது இன்னும் துல்லியமாகச் சொல்கிறது. விண்டோஸ் எல்லா டிரைவர்களையும் பார்த்து, நான் அணையப் போகிறேன், உங்கள் சாதனத்தை அணைத்துவிட்டுச் சொல்லுங்கள் என்று ஒரு கோரிக்கை அனுப்பும். எல்லோரும் சரி என்று திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த படி. ஒரு டிரைவர் மட்டும் அந்தக் கோரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டால், விண்டோஸ் சில நிமிடம் காத்திருந்து பார்த்துவிட்டு நீலத்திரை போட்டுவிடும். கல்யாணப் பந்தியில் ஒருத்தர் மட்டும் எழுந்திருக்காமல் இருந்தால் இலை எடுக்க முடியாதே, அதே நிலைமை. ஸ்லீப்புக்குப் போகும்போது ஒழுங்காகப் பதில் சொல்கிற டிரைவர் ஹைபர்னேட்டுக்கு மட்டும் மாட்டுவதும் நடக்கும், இரண்டுக்கும் போகிற கோரிக்கை வேறு வேறு.

ஆக மதர்போர்டு என்று இப்போது பயப்பட வேண்டாம். புதிதாக நிறுவவும் வேண்டாம். யார் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்று கண்டுபிடித்தால் போதும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் கிராஷ் நேரத்து நினைவகப் பதிவுகள் (டம்ப்) சேரும் மினிடம்ப் என்ற ஃபோல்டர் இருக்கும், அதில் நான்கு கோப்பு இருக்க வேண்டும்.

இரவுப்பறவை:

காலியாக இருக்கிறது. ஒன்றுகூட இல்லை.

பழைய_இரும்பு:

டிஸ்க் க்ளீனப் ஏதாவது ஓட்டினீர்களா?

இரவுப்பறவை:

ஓட்டினேன்… அப்கிரேடு ஆனதும் இடம் குறைந்துவிட்டது என்று பழைய விண்டோஸ் தவிர மற்ற எல்லா வரியையும் டிக் செய்து அழித்தேன். நேற்றும் ஒருமுறை.

பழைய_இரும்பு:

அதில் ஒரு வரி மெமரி டம்ப் கோப்புகள். ஆதாரத்தை நாமே கழுவி விட்டுவிட்டோம், பரவாயில்லை. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் ஸ்டார்ட்அப் அண்டு ரெகவரி என்ற இடத்தில் ஸ்மால் மெமரி டம்ப் என்று தேர்ந்தெடுங்கள். ராமுக்குத் துணையாக டிஸ்கில் இருக்கும் பேஜ்ஃபைல் சி டிரைவில் இருக்கிறதா என்று பாருங்கள், எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று அதை அணைத்து வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிராஷ் நேரத்தில் டம்ப் முதலில் அங்கேதான் எழுதப்படும், அது இல்லாவிட்டால் டம்பும் இருக்காது. பிறகு கிராஷ் ஆகும்வரை ஷட்டவுன் /எச். திறந்திருக்கும் வேலையை எல்லாம் சேமித்துவிட்டு.

கிராஷ் ஆனதும் விண்டிபிஜி என்ற கருவியை ஸ்டோரிலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள், மைக்ரோசாப்ட் தருகிறது, இலவசம்தான். டம்ப் கோப்பைத் திறந்தால் முதல் முறை அதைப் படிக்க உதவும் சிம்பல் கோப்புகளை இறக்க நேரம் எடுக்கும். நீல எழுத்தில் அனலைஸ் -வி என்று ஒரு இணைப்பு வரும், அதை அழுத்துங்கள். இமேஜ்_நேம் என்ற வரியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

நீலத்திரையைப் பட்டியலாகக் காட்டும் சின்னச் சின்ன இலவசக் கருவிகளையே பலர் பயன்படுத்துவார்கள். வேறு கிராஷ்களுக்கு அவை போதும். 9எஃப் வகைக்குப் போதாது. விண்டோஸின் கெர்னல் கோப்பான என்டிஓஎஸ்கெர்னல்தான் குற்றவாளி என்று காட்டிவிடும், அது புகார் கொடுக்க வந்தவரைப் பிடித்து உள்ளே வைப்பது மாதிரி. கோரிக்கையைக் கையில் வைத்திருந்தது யார் என்பது நான்காவது பேராமீட்டர் காட்டும் முகவரியில்தான் இருக்கும், விண்டிபிஜி அதைத் தேடிப் படித்துச் சொல்லும்.

நூல்கண்டு:

மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயோஸையும் ஒருமுறை புதுப்பித்துப் பார்க்கலாமே? எனக்கு எஸ்எஸ்டி ஃபர்ம்வேர் புதுப்பித்ததில் எழுந்திருக்காத பிரச்சினை ஒழிந்தது. இன்னொன்று, ரெஜிஸ்ட்ரியில் ஏதோ ஒரு மதிப்பை மாற்றி எஸ்3-ஐயே கட்டாயமாக்கும் காணொளி ஒன்று பார்த்தேன், அது உதவுமா?

பழைய_இரும்பு:

ரெஜிஸ்ட்ரி வித்தை எஸ்0 மெஷின்காரர்களுக்கானது, இவருக்கு ஏற்கெனவே எஸ்3தான் இருக்கிறது. எஸ்0 மெஷினிலும் ஃபர்ம்வேரில் எஸ்3 இல்லையென்றால் அது ஒன்றும் செய்யாது, இல்லாவிட்டால் தூங்கிவிட்டு எழவே எழாது. பேட்டரி கழற்ற முடியாத மெஷினில் அந்த விளையாட்டு வேண்டாம்.

பயோஸ் யோசனை நல்லதுதான், ஆனால் கடைசியில் வைத்துக்கொள்வோம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும். செய்யும்போது டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இருந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், ரெகவரி கீயையும் வேறு இடத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பயோஸ் மாறியதும் அந்த ரெகவரி கீயான 48 இலக்க எண்ணைக் கேட்டு நின்றுவிட்டால், அது இல்லாதவருக்கு ஸ்லீப் பிரச்சினையெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியும்.

இரவுப்பறவை:

ஆள் கிடைத்துவிட்டார்.

ஆறாவது ஹைபர்னேட்டில் கிராஷ் ஆனது, டம்ப் கிடைத்தது. இமேஜ்_நேமில் நான் கேள்விப்படாத ஒரு சிஸ் கோப்பின் பெயர். சிஸ்டம்32-க்குள் டிரைவர்ஸ் ஃபோல்டரில் தேடிப் பிடித்து அதன் ப்ராப்பர்ட்டீஸைப் பார்த்தால், இரண்டு வருடத்துக்கு முன்பு வேலைக்காகப் போட்டிருந்த ஒரு விபிஎன் மென்பொருளின் நெட்வொர்க் டிரைவர்! தேதி 2017. அந்த மென்பொருளை நான் அன்றைக்கே அன்இன்ஸ்டால் செய்துவிட்டேன். நிரல்கள் பட்டியலில் இல்லை. டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவில் மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டு என்று கொடுத்ததும் நெட்வொர்க் அடாப்டர்களுக்குள் ஒளிந்துகொண்டிருந்தது வெளியே வந்தது, அதுவும் மங்கலாக இல்லை, நன்றாக இயங்கிக்கொண்டிருக்கிற நிலையில்.

இப்போது எனக்கு இரண்டு கேள்வி. இது விண்டோஸ் 10-இல் ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தது? டிவைஸ் மேனேஜரில் அன்இன்ஸ்டால் கொடுத்தால் போதுமா?

பழைய_இரும்பு:

பழைய கோப்புகளோடு அப்கிரேடு செய்யும்போது வெளியார் டிரைவர்களும் கூடவே புது வீட்டுக்கு வந்துவிடும். அங்கே சாதனங்கள் எல்லாம் மறுபடி புதிதாக அடையாளம் காணப்படும். முன்பு நீங்கள் அந்த அடாப்டரை முடக்கி வைத்திருந்தீர்களா?

இரண்டாவது கேள்விக்கு: போதாது. சாதனத்தை மட்டும் நீக்கினால் விண்டோஸ் டிரைவர்களைச் சேர்த்துவைக்கும் டிரைவர் ஸ்டோரில் அதன் பொட்டலம் அப்படியே இருக்கும், அடுத்த முறை ஹார்டுவேர் தேடும்போது மறுபடி முளைக்கும். அன்இன்ஸ்டால் பெட்டியில் டிரைவரையும் நீக்கு என்ற டிக் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் அட்மின் கமாண்ட் ப்ராம்ப்டில் பிஎன்பியூடில் /எனும்-டிரைவர்ஸ். வெளியிலிருந்து வந்த டிரைவர் எல்லாம் ஓஇஎம் என்று தொடங்கும் எண்ணுள்ள பெயரில் வரிசையாக வரும். உங்கள் விபிஎன்காரர் பெயரும் 2017 தேதியும் இருக்கிற பொட்டலத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, பிஎன்பியூடில் /டிலீட்-டிரைவர், இடைவெளி விட்டு அந்த ஐஎன்எஃப் பெயர், பிறகு /அன்இன்ஸ்டால். எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள், பக்கத்து வரி உங்கள் ஸ்டோரேஜ் டிரைவராக இருக்கலாம். அதற்கு முன்னால் ஒரு ரெஸ்டோர் பாயின்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் ரீஸ்டார்ட். ஷட்டவுன் இல்லை, ரீஸ்டார்ட். காரணம் மேலே சொன்னதுதான்.

ஒருவரிப்புலி:

நெட்வொர்க் டிரைவர் என்று நான் முதலிலேயே சொன்னேன் 😄 கிட்டத்தட்ட.

இரட்டைக்குதிரை:

கிட்டத்தட்ட என்றால் பக்கத்துத் தெருவில் குண்டு போட்டீர்கள்.

இரவுப்பறவை:

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன், வேண்டுமென்றேதான் காத்திருந்தேன்.

அண்ணா கேட்டது சரி. 10-இல் அந்த அடாப்டரை டிவைஸ் மேனேஜரில் நானே டிஸேபிள் செய்து வைத்திருந்தேன், விபிஎன் நிறுவனத்துக்காரர்களிடம் கேட்காமல் கையோடு செய்தது. அப்கிரேடு ஆனதும் அது இயங்கும் நிலைக்குத் திரும்பியிருக்கிறது. மென்பொருள் போய்விட்டது, டிரைவர் மட்டும் பேய் மாதிரி உட்கார்ந்திருந்திருக்கிறது.

பிஎன்பியூடில் பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயரில் இரண்டு பொட்டலம் இருந்தது, ஒன்று அடாப்டர், இன்னொன்று ஃபில்டர். இரண்டையும் நீக்கினேன். ரீஸ்டார்ட். அதற்குப் பிறகு ஷட்டவுன் /எச் பதினைந்து முறை, ஒன்றிலும் மாட்டவில்லை. வைஃபை, ஹெட்ஃபோன், யூஎஸ்பி டிஸ்க் எல்லாம் மாட்டி வைத்துக்கொண்டும் பார்த்தேன். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்கவில்லை, சாதாரண ஷட்டவுனும் சரியாகவே போகிறது.

ஸ்லீப்பிலிருந்து ஹைபர்னேட் போவதைச் சோதிக்க மூன்று மணி நேரம் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் ஹைபர்னேட் ஆஃப்டரை 5 நிமிடமாக வைத்து நான்கு முறை பார்த்தேன். பிறகு 180-க்கே திருப்பிவிட்டு இரண்டு இரவு மூடிவைத்தேன். காலையில் மூடியைத் திறந்தால் இருட்டு, விசிறி ஓடவில்லை, பவர் பட்டனைத் தட்டினால் விட்ட இடத்திலிருந்து எழுகிறது. பதிவில் நள்ளிரவில் 42, அதே பழைய காரணம், ஆனால் இந்த முறை அதற்கடுத்துப் பவர்-ட்ரபிள்ஷூட்டர் பதிவும் இருக்கிறது, விழித்த காரணம் எஸ்4 டோஸ் டு ஹைபர்னேட் என்று.

பயோஸைத் தொடவில்லை. தொடவும் போவதில்லை.

நூல்கண்டு:

என்னுடையதில் பவர்சிஎஃப்ஜி /ஏ அடித்தால் எஸ்3 இல்லை, எஸ்0 மட்டும்தான். 41 பதிவே இல்லை, கிராஷும் இல்லை, ஆனால் இரவு மூடிவைத்தால் காலையில் பேட்டரி பாதி போய்விடுகிறது. இதே வைத்தியம்தானா?

பழைய_இரும்பு:

இல்லை, அது வேறு நோய். பவர்சிஎஃப்ஜி /ஸ்லீப்ஸ்டடி ஓட்டினால் ஒரு எச்டிஎம்எல் அறிக்கை வரும், எந்த இரவில் யார் எவ்வளவு நேரம் மெஷினைத் தூங்கவிடாமல் வைத்திருந்தார்கள் என்று சிவப்புப் பட்டையோடு காட்டும். அதைத் திறந்து மேலே இருக்கிற முதல் மூன்று பெயரை ஒரு தனி இழையில் போடுங்கள், அங்கே வருகிறேன்.